'ட்ரை' என்ற சொல்லைச் சரியாகப் பேச: தோட்டப்புறத்தாருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஆங்கிலமே தெரியாத தமிழர் என்று யாரையும் சொல்லிவிட முடியாது. விடியற்காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பழகிய பாட்டிகூட 'ட்ரை பண்ணிப் பாரேன்' என்பார். அந்த அளவுக்கு இந்தச் சொல் நம் வாயில் ஊறிப்போனது. ஆனால் ஈப்போவில் ஒரு நேர்காணலுக்குப் போய் உட்காரும்போதோ, இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மின் ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேர்வாளர் எதிரே இருக்கும்போதோ இதே சொல்தான் காலை வாருகிறது. தமிழில் 'ட்ரை பண்ணு' என்று ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சமாளிக்கிறோம். ஆங்கிலத்தில் அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்பதைப் பொறுத்துப் பொருளே மாறிவிடும்.

தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளியில் திணறும் பிள்ளைகள், புகுமுக வகுப்பில் இருப்பவர்கள், செம்பனைத் தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்கோ மருத்துவமனைக்கோ வேலைக்குப் போக நினைப்பவர்கள், பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமே என்று நாற்பது வயதில் ஆங்கிலம் தொடங்கும் அம்மாக்கள், இவர்களை எல்லாம் மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் மட்டும் ஓட்டினால் பாதிதான் தங்கும்.

முதல் படி: மலாயிலிருந்து போகாதீர்கள், தமிழிலிருந்து போங்கள்

நம் பிள்ளைகளில் பலர் ஆங்கிலம் பேசுவதற்கு முன் மனத்துக்குள் மலாயில் ஒரு வாக்கியம் அமைத்துக்கொள்கிறார்கள். பள்ளியில் அதிகம் புழங்கும் மொழி அதுதான், அதனால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தச் சொல்லுக்கு மட்டும் அந்த வழி உதவாது. மலாயில் 'சுபா' என்ற ஒரே சொல் எல்லா வேலையையும் பார்த்துவிடும். 'சுபா புக்கா' என்றால் திறக்க முயற்சி செய் என்றும் கொள்ளலாம், திறந்து பார் என்றும் கொள்ளலாம், கொஞ்சம் திறயேன் என்று தன்மையாகக் கேட்பதாகவும் கொள்ளலாம்.

தமிழ் அப்படியில்லை. இந்த இரண்டையும் பாருங்கள்:

கதவைத் திறக்க முயன்றேன்.
கதவைத் திறந்து பார்த்தேன்.

முதல் வாக்கியத்தில் கதவு திறந்ததா? அநேகமாக இல்லை. பூட்டியிருந்திருக்கும், அல்லது இறுகிப் போயிருக்கும். இரண்டாவதில் கதவு திறந்துவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. திறந்தபின் காற்று வந்ததா, உள்ளே ஆள் இருந்தாரா என்பதுதான் மிச்சம். இந்த வேறுபாட்டை நமக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை. மூன்று வயதுப் பிள்ளைகூடச் சரியாகப் பேசுகிறது.

ஆங்கிலத்திலும் இதே இரண்டு உண்டு. 'ஐ ட்ரைட் டு ஓப்பன் த டோர்' என்பது திறக்க முயன்றேன். 'ஐ ட்ரைட் ஓப்பனிங் த டோர்' என்பது திறந்து பார்த்தேன். ஆகவே மனத்தில் 'செய்ய முயன்றேன்' என்று வந்தால் 'டு' போடுங்கள். 'செய்து பார்த்தேன்' என்று வந்தால் வினைச்சொல்லின் கடைசியில் 'இங்' சேருங்கள். இதைப் பிடித்துக்கொண்டால் இந்தச் சொல்லில் பாதி வேலை முடிந்தது. இலக்கணப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்குவதை நம் தாய்மொழி ஏற்கெனவே நமக்குச் சொல்லிவிட்டது. இதைப் பிள்ளைகளிடம் யாரும் எடுத்துச் சொல்வதில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். இரவெல்லாம் மழை. காலை ஐந்தரை மணி. லயத்து வீட்டு வாசலில் ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் நிற்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. அப்பா கிக்கரை உதைக்கிறார், மறுபடி உதைக்கிறார். இஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டு அடங்கிவிடுகிறது. இதுவரை நடந்ததைச் சொல்ல: 'ஹி ட்ரைட் டு ஸ்டார்ட் த பைக்.' ஸ்டார்ட் செய்ய முயன்றார், ஆகவில்லை.

அப்புறம் பிளக்கைக் கழற்றுகிறார். முனை கரி பிடித்து ஈரமாக இருக்கிறது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, சட்டை நுனியில் துடைத்து, திரும்ப மாட்டுகிறார். 'ஹி ட்ரைட் கிளீனிங் த பிளக்.' துடைத்துப் பார்த்தார். துடைப்பது நடந்துவிட்டது, அதில் தோல்வி இல்லை. அதனால் வண்டி கிளம்பியதா என்பதுதான் கேள்வி. கிளம்பவில்லை என்றால் வீட்டில் இருக்கும் புதுப் பிளக்கை எடுத்து மாட்டுகிறார். 'ஹி ட்ரைட் சேஞ்சிங் த பிளக்.' மாற்றிப் பார்த்தார்.

கவனித்தீர்களா? வண்டியைக் கிளப்புவது இலக்கு. துடைப்பதும் மாற்றுவதும் அதற்கான வழிகள். இலக்குக்கு 'டு', வழிக்கு 'இங்'. கைப்பேசி சரியாக வேலை செய்யவில்லை, கணினி திரை உறைந்துவிட்டது, குழந்தைக்குக் காய்ச்சல் விடவில்லை என்று யாராவது சொல்லும்போது நாம் யோசனை சொல்வதெல்லாம் 'இங்' வகைதான். 'ட்ரை ரீஸ்டார்ட்டிங் த ஃபோன்' என்றால் ஆஃப் செய்து ஆன் செய்து பாருங்கள் என்று பொருள். வாடிக்கையாளர் சேவை மையத்தில் வேலைக்குச் சேரப் போகிறவர்களுக்கு இந்த அமைப்பு நாள் முழுக்கத் தேவைப்படும்.

நம் ஊர்க் கதையிலும் இரண்டும் இருக்கின்றன. இங்கிருந்து பக்கம்தான் கோலகங்சார். அங்கே 1877ல் ரப்பர் நாற்றுகளைக் கொண்டுவந்து நட்டுப் பார்த்தார்கள். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. 'தே ட்ரைட் பிளான்டிங் ரப்பர் இன் கோலகங்சார்.' நட்டது நட்டதுதான், வளருமா என்று பார்ப்பதற்காக நட்டது. 1888ல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்புக்கு வந்த ரிட்லி என்ற ஆங்கிலேயர் மரம் பட்டுப்போகாமல் பால் எடுக்கப் பல விதமாகப் பட்டையைச் சீவிப் பார்த்தார். அதுவும் 'இங்'. அதே ரிட்லி, காப்பி பயிரிட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரர்களை ரப்பருக்கு மாறச் செய்யப் பாடுபட்டார். 'ஹி ட்ரைட் டு பர்சுவேட் த பிளான்டர்ஸ்.' இது 'டு'. அவர்கள் மசியவில்லை, 'மேட் ரிட்லி' என்று பட்டப்பெயர்தான் கொடுத்தார்கள். 1896ல் மலாக்காவில் டான் சாய் யான் என்ற சீனர் ரப்பரைத் தோட்டமாகவே நட்டார், காட்சி மாறியது. நம் முன்னோர் கப்பல் ஏறி வந்து வெட்டிய பால்மரத்துக்குப் பின்னால் இப்படி ஒரு முயற்சிக் கதை இருக்கிறது.

தொலைபேசி விஷயத்திலும் இதைப் பழகலாம். தோட்டத்துக்கு உள்ளே போய்விட்டால் லைன் கிடைப்பதில்லை. 'ஐ ட்ரைட் டு கால் யூ' என்றால் கூப்பிட முயன்றேன், லைனே போகவில்லை என்ற எண்ணம் வரும். 'ஐ ட்ரைட் காலிங் யூ' என்றால் கூப்பிட்டுப் பார்த்தேன், மணி அடித்தது, நீங்கள் எடுக்கவில்லை என்பது போல இருக்கும். பேச்சில் ஆங்கிலேயர்களே இந்த இடத்தில் இரண்டையும் கலந்துதான் சொல்கிறார்கள், அதனால் இதற்காகத் தயங்கி வாயை மூடிக்கொள்ள வேண்டாம். சந்தேகம் வந்தால் 'டு' போட்டுவிடுங்கள். பெரும்பாலும் பிழை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இரண்டாம் படி: 'ட்ரைட்' என்று சொன்னால் கேட்பவர் காதில் என்ன விழுகிறது

இது இலக்கணப் பிழை அல்ல, ஆனால் வேலை இடத்தில் இதனால் வரும் மனக்கசப்பு அதிகம். மேற்பார்வையாளர் கேட்கிறார், நேற்று கொடுத்த கணக்கு முடிந்ததா என்று. நம் பிள்ளை அடக்கமாகப் பேச வேண்டும் என்று நினைத்து, 'ஐ ட்ரைட் டு ஃபினிஷ் இட், சார்' என்கிறான். உண்மையில் இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து முடித்து வைத்திருக்கிறான். ஆனால் ஆங்கிலத்தில் 'ட்ரைட் டு' என்று சொல்லி நிறுத்தினால், முடியவில்லை என்பது சொல்லாமலே உள்ளே இருக்கிறது. மேற்பார்வையாளர் முகம் சுளிக்கிறார். பையனுக்கு ஏன் என்று புரியவில்லை.

முடித்திருந்தால் 'ஐ ஃபினிஷ்ட் இட்' என்று நேராகச் சொல்லுங்கள். கஷ்டப்பட்டு முடித்தேன் என்று தெரிய வேண்டுமானால் 'ஐ மேனேஜ்ட் டு ஃபினிஷ் இட்' என்று சொல்லலாம். சிரமமும் அதில் இருக்கிறது, வெற்றியும் இருக்கிறது. 'மேனேஜ்ட் டு' என்ற இந்த இரண்டு சொல்லை 'ட்ரைட் டு'வின் ஜோடியாகவே மனத்தில் வையுங்கள். முயன்றேன், முடியவில்லை என்றால் 'ட்ரைட்'. முயன்றேன், முடித்துவிட்டேன் என்றால் 'மேனேஜ்ட்'.

எதிர்காலத்திலும் இதே கதைதான். 'நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஓவர்டைம் இருக்கிறது, வருவாயா?' என்று கேட்டால், 'ஐ வில் ட்ரை டு கம்' என்பது நம் ஊர்ப் 'பார்க்கலாம்' மாதிரி. வராமலும் போகலாம் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். நிச்சயம் வருவதாக இருந்தால் 'ஐ வில் கம்' போதும். நேர்காணலிலும் அப்படியே. இந்த மெஷினை ஓட்டத் தெரியுமா என்று கேட்டால் 'ஐ வில் ட்ரை டு லேர்ன்' என்று இழுக்காதீர்கள். 'ஐ ஹேவ் நாட் யூஸ்ட் இட் பிஃபோர், பட் ஐ வில் லேர்ன்' என்று சொல்லுங்கள். உள்ளதை மறைக்கவும் இல்லை, உறுதியும் இருக்கிறது. பெரியவர்கள் முன் அடங்கிப் பேசுவது நம் பழக்கம், நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த அடக்கத்தை 'ட்ரை' என்ற சொல்லில் வைக்க வேண்டாம். 'சார்', 'மேடம்', 'தேங்க் யூ' என்பதில் வையுங்கள்.

மூன்றாம் படி: எழுத்தும் காலமும்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இன்று செய்வது 'ட்ரை'. அவன், அவள், அது என்றால் 'ட்ரைஸ்'. நேற்று செய்தது 'ட்ரைட்'. செய்துகொண்டிருப்பது 'ட்ரையிங்'. எழுதும்போது 'ட்ரைஸ்', 'ட்ரைட்' இரண்டிலும் கடைசியில் இருந்த வை என்ற எழுத்து போய், ஐ எழுத்தும் ஈ எழுத்தும் வரும். 'ட்ரையிங்'கில் மட்டும் வை அப்படியே இருக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. களைத்துப்போனேன் என்பதற்கான 'டயர்ட்' என்ற சொல்லும் முயன்றேன் என்பதற்கான 'ட்ரைட்' என்ற சொல்லும் ஒரே ஐந்து எழுத்துகளால் ஆனவை. இரண்டு எழுத்து இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். கட்டுரையில் களைப்பைச் சொல்ல வந்த பிள்ளை 'ஐ ஆம் வெரி ட்ரைட்' என்று எழுதிவிடுவது மிகச் சாதாரணம். எழுதி முடித்ததும் இந்த ஒரு சொல்லை மட்டும் தேடி, வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இறந்தகாலத்தை ஒரே இடத்தில் காட்டினால் போதும். 'ஐ ட்ரைட் டு வென்ட்' என்பது தவறு, 'ஐ ட்ரைட் டு கோ' என்பதே சரி. 'டிட் யூ ட்ரைட்?' என்றும் கேட்கக்கூடாது, 'டிட் யூ ட்ரை?' போதும். 'டிட்' வந்த பிறகு இறந்தகாலம் அங்கேயே தீர்ந்துவிட்டது.

வேண்டாம் என்று சொல்லும்போது 'நாட்' எங்கே வருகிறது என்று பாருங்கள். தாமதமாக வராமல் இருக்கப் பாருங்கள் என்பதற்கு 'ட்ரை நாட் டு பி லேட்'. 'டோன்ட் ட்ரை' என்று தொடங்கினால் முயற்சியே செய்யாதே என்று ஆகிவிடும், பொருள் தலைகீழ்.

'ட்ரை அண்ட் கம்' என்று ஆங்கிலப் படங்களில் கேட்டிருப்பீர்கள். அது 'ட்ரை டு கம்' என்பதன் பேச்சு வடிவம். பேசலாம், தேர்வில் எழுத வேண்டாம். இறந்தகாலத்துக்கு அது வரவும் வராது.

நான்காம் படி: முயற்சி 'எடுக்க'வும் வேண்டாம், 'செய்ய'வும் வேண்டாம்

தமிழ் நமக்கு முதல் படியில் கைகொடுத்தது. இந்த இடத்தில் கொஞ்சம் காலைத் தடுக்கும். முயற்சி எடுத்தேன், முயற்சி செய்தேன் என்று இரண்டு விதமாகவும் நாம் சொல்கிறோம். அப்படியே ஆங்கிலத்துக்குப் போனால் 'ஐ டுக் எஃபர்ட்', 'ஐ டிட் எஃபர்ட்' என்று வரும். நன்றாகப் படித்தவர்கள், பட்டதாரிகள்கூட 'டேக் எஃபர்ட்ஸ்' என்று கடிதத்தில் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் 'எஃபர்ட்' என்ற சொல்லுக்கு 'மேக்' தான் துணை: 'ஐ மேட் அன் எஃபர்ட்.' நிறைய உழைத்தேன் என்றால் 'ஐ புட் இன் அ லாட் ஆஃப் எஃபர்ட்.'

ஆனால் 'இட் டேக்ஸ் எஃபர்ட்' என்பது சரியான ஆங்கிலம். குழப்பமாக இருக்கிறதா? எழுவாய் யார் என்று பாருங்கள். அங்கே எழுவாய் ஆள் இல்லை, வேலை. அந்த வேலைக்கு முயற்சி பிடிக்கும் என்று பொருள். 'லேர்னிங் இங்கிலிஷ் டேக்ஸ் எஃபர்ட்' என்றால் ஆங்கிலம் கற்க முயற்சி வேண்டும். ஆள் எழுவாயாக வந்தால் 'மேக்', வேலை எழுவாயாக வந்தால் 'டேக்'.

முழு முயற்சி செய்தேன் என்பதற்கு 'ஐ ட்ரைட் மை பெஸ்ட்' என்றும் 'ஐ டிட் மை பெஸ்ட்' என்றும் சொல்லலாம், இரண்டும் சரி. 'லெவல் பெஸ்ட்' என்று சேர்த்துச் சொல்வது நம் பக்கத்தில் பழக்கம். பிழையில்லை, பழைய நடை.

அடுத்து, கடுமையாக முயன்றேன். தமிழில் 'கடுமை'யோடு 'ஆக' சேர்க்கிறோம் அல்லவா, அதே போல ஆங்கிலத்திலும் 'ஹார்ட்' என்பதோடு 'லி' சேர்க்க வேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். சேர்த்தால் வேறொரு சொல் ஆகிவிடும். 'ஐ ட்ரைட் ஹார்ட்' என்றால் கடுமையாக முயன்றேன். 'ஐ ஹார்ட்லி ட்ரைட்' என்றால் முயலவே இல்லை என்று சொல்லலாம், ஏதோ பெயருக்குச் செய்தேன். நேர்காணலில் இப்படிச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே 'ட்ரை' பக்கத்தில் 'ஹார்ட்' மட்டும், வால் வேண்டாம்.

ஐந்தாம் படி: பக்கத்தில் இருக்கும் மற்ற சொற்கள்

'ட்ரை' நன்றாக வசப்படும் வரை இவற்றைப் பேச்சில் தேடிப் போக வேண்டியதில்லை. படிக்கும்போது தெரிந்தால் போதும். ஒரு நல்ல செய்தி: இவை எல்லாம் 'டு' பக்கம்தான். 'இங்' தொல்லை 'ட்ரை'க்கு மட்டும்.

'அட்டெம்ப்ட்' என்பது எழுத்துநடைச் சொல். செய்தித்தாளில் 'அட்டெம்ப்டட் ராபரி' என்று வந்தால் கொள்ளையடிக்க முயன்றார்கள், நிறைவேறவில்லை. தேர்வில் 'ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட்' என்றால் முதல் தடவை எழுதியது. ஒரு குறிப்பிட்ட தடவை, ஒரு குறிப்பிட்ட செயல் என்ற வாடை இதில் உண்டு.

'ஸ்ட்ரகிள்' என்றால் திணறல். 'ஐ ஸ்ட்ரகிள் டு ஸ்பீக் இங்கிலிஷ்' என்றால் பேசத் திணறுகிறேன். இதில் முயற்சியைவிடக் கஷ்டம்தான் முன்னால் தெரியும்.

'ஸ்ட்ரைவ்' என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு தடவை முயன்றுவிட்டு விடுவது இல்லை, ஆண்டுக்கணக்கில் விடாமல் பாடுபடுவது. இறந்தகாலம் 'ஸ்ட்ரோவ்', மூன்றாவது வடிவம் 'ஸ்ட்ரிவன்'. இதற்கு நம் ஊரிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1919ல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள், தொழிலாளர்கள் வேலையும் வீடும் இல்லாமல் நின்றார்கள். அந்தத் தோட்டத் துண்டாடல் காலத்தில், தொழிலாளர்களிடமே பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்க 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய் ஆள் சேர்த்த வேலை அது. 'ஹி ஸ்ட்ரோவ் டு சேவ் த எஸ்டேட்ஸ் ஃபார் த வொர்க்கர்ஸ்.' இங்கே 'ட்ரைட்' போட்டாலும் இலக்கணம் தப்பாது. ஆனால் அவர் பட்ட பாடு அதில் தெரியாது. ஊர்ப் பெரியவர்களைப் பற்றிக் கட்டுரை எழுதும் பிள்ளை இந்தச் சொல்லை ஒரு முறை சரியான இடத்தில் வைத்தால் திருத்துகிறவர் கண்ணில் படும்.

'எண்டெவர்' என்பது அலுவலகக் கடிதச் சொல். 'வி வில் எண்டெவர் டு ரிப்ளை' என்று ஏதாவது அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால், பதில் தர முயல்வோம் என்று பொருள். நாம் அதைப் பேச வேண்டிய அவசியம் இல்லை.

ஆறாம் படி: கடைத்தெருவிலும் நீதிமன்றத்திலும்

'ட்ரை'க்குப் பின்னால் வினைச்சொல் வராமல் ஒரு பொருளின் பெயரே வரலாம். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் 'ட்ரை திஸ், லா' என்று ஒரு துண்டு பலகாரத்தை நீட்டினால், சாப்பிட்டுப் பாருங்கள் என்று பொருள். துணி என்றால் மட்டும் 'ஆன்' சேர்க்க வேண்டும். 'கேன் ஐ ட்ரை திஸ் ஆன்?' என்றால் இதைப் போட்டுப் பார்க்கலாமா. வண்டி, மெஷின் போன்றவற்றை ஓட்டிப் பார்ப்பதற்கு 'ட்ரை அவுட்'. வேலைக்கோ உபகாரச் சம்பளத்துக்கோ முயல்வதற்கு 'ட்ரை ஃபார்'.

இன்னொரு பொருள் பலரைத் திடுக்கிட வைக்கும். 'ஹி வாஸ் ட்ரைட் ஃபார் மர்டர்' என்று செய்தியில் வந்தால், கொலை செய்ய முயன்றான் என்று படிக்காதீர்கள். கொலைக் குற்றத்துக்காக நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டான் என்பதுதான் பொருள். பழைய பிரெஞ்சு மொழியில் பிரித்தெடுத்தல், பொறுக்கி எடுத்தல் என்ற பொருளில் இருந்த சொல் ஆங்கிலத்துக்கு வந்து, உண்மையையும் பொய்யையும் பிரித்து விசாரிப்பதாகி, சோதித்துப் பார்ப்பதாகி, கடைசியில் முயல்வதாகவும் ஆனது. நீதிமன்ற 'ட்ரயல்', எஸ்.பி.எம்.முக்கு முன் எழுதும் 'ட்ரயல்' தேர்வு இரண்டும் இதன் வழி வந்தவை. இது தெரிந்தால் 'இங்' ஏன் 'செய்து பார்' என்ற பொருளைத் தருகிறது என்பதும் விளங்கும். அந்த வடிவத்தில் சோதனை என்ற பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஏழாம் படி: வாயில் பழக்குவது

படித்ததெல்லாம் வாயில் வராவிட்டால் பயனில்லை. வீட்டில் இரண்டு பேர் இருந்தால் போதும். ஒருவர் ஒரு பிரச்சினையைச் சொல்ல வேண்டும்: மின்விசிறி ஓடவில்லை, தம்பி சோறு சாப்பிடமாட்டேன் என்கிறான், இணையம் வரவில்லை. மற்றவர் முதலில் தமிழில் 'செய்து பார்' என்று ஒரு யோசனை சொல்லி, உடனே அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார், 'ட்ரை ஸ்விட்சிங் இட் ஆஃப் அண்ட் ஆன்.' முட்டை பொரித்துக் கொடுத்துப் பார், 'ட்ரை கிவிங் ஹிம் அன் எக்.' கேட்டவர் 'ஐ ட்ரைட் தட், பட் இட் டிட்ன்ட் வொர்க்' என்று திருப்பிச் சொல்லலாம். அப்போது இன்னொரு யோசனை சொல்ல வேண்டியிருக்கும். அக்காவும் தம்பியுமாக இரவுச் சாப்பாட்டு வேளையில் கொஞ்ச நேரம் இப்படிப் பேசிக்கொண்டால் 'இங்' தானாக ஒட்டிக்கொள்ளும்.

எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் பழக வேண்டும். 1119 என்ற எண் கொண்ட ஆங்கிலப் பாடத்தின் மூன்றாம் தாளான பேச்சுத் தேர்வில் இருவர் இருவராக உட்கார வைக்கிறார்கள். அதன் கடைசிப் பகுதியில் இருவரும் ஒரு தலைப்பைப் பற்றிக் கலந்து பேச வேண்டும். கூட இருப்பவர் பேசி முடித்ததும் 'யெஸ், ஐ அக்ரீ' என்று சொல்லிவிட்டு மௌனமாகிவிடுவதுதான் நம் பிள்ளைகள் பலருக்கு நடப்பது. அந்த இடத்தில் 'வை டோன்ட் வி ட்ரை' என்று தொடங்கி ஒரு 'இங்' வினையைப் போட்டால் பேச்சு நகரும். 'வை டோன்ட் வி ட்ரை ரீசைக்ளிங் அட் ஸ்கூல்?', 'வை டோன்ட் வி ட்ரை ஆஸ்கிங் அவர் டீச்சர்ஸ்?' கேள்வியாக இருப்பதால் எதிரில் இருப்பவரும் பதில் சொல்ல வேண்டி வரும். உரையாடல் உயிர் பெறும்.

வேலைக்குப் போகிறவர்கள் பேருந்திலோ ரயிலிலோ ஈப்போவுக்குப் போகும் நேரத்தில், அன்று மேற்பார்வையாளரிடம் சொல்லப்போகும் ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் உருட்டிக்கொள்ளலாம். அதில் 'ட்ரை' வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்: வேலை முடிந்ததா, இல்லையா? முடிந்திருந்தால் 'ட்ரை'யை எடுத்துவிட்டு வினையை மட்டும் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் 'ட்ரைட் டு' சொல்லி, கூடவே 'பட்' போட்டுக் காரணத்தையும், எப்போது முடியும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். 'ஐ ட்ரைட் டு ஃபினிஷ் இட், பட் த மெஷின் ஸ்டாப்ட். ஐ வில் ஃபினிஷ் இட் பை டென்.' சாரும் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.